ஓர் உறுப்பினர் கருதினார்

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். குளித்துவிட்டு வந்து துடைப்பதற்குள் மறுபடி வேர்வை. மழை வருகிறது, வருகிறது என்று செய்தியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கே?

இன்றைய வேலை:
ஏ.சி.க்காரனுக்கு போன் (மறுபடி).
பிரஷர் மாத்திரை.
முருகேசன் கடையில் இட்லி அரிசி, நல்லெண்ணெய்.
கமிட்டி அறிக்கை, வரைவு. படித்து முடிக்க வேண்டும்.
"என்னைப் பற்றி" அரைப் பக்கம்.

கடைசி வேலைதான் உயிரை எடுக்கிறது. டிசம்பரோடு ஓய்வு. இன்ஸ்டிட்யூட்டில் வழியனுப்பு மலர் போடுகிறார்களாம். என் ஆய்வுப் பணியைப் பற்றி நானே எழுதித் தர வேண்டுமாம். தன் கருமாதிப் பத்திரிகைக்குத் தானே புரூஃப் பார்ப்பது மாதிரி. இதுவரை எழுதியது: "கடுகெண்ணெய், தீப்பெட்டி போன்றவற்றின் மீதான வரி யார் தலையில் இறங்குகிறது என்ற ஆய்வில் தொடங்கி, முதிய பெண்களுக்கான உதவித்தொகை வரை." வரை, என்ன? அதற்கு மேல் பேனா போகவில்லை.

தொடங்கியது உண்மை. ஏழை வீட்டில்தான் வரி கனமாக இறங்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் பாராட்டினார்கள். கடுகெண்ணெய் விலை ஏறிக்கொண்டே போயிற்று.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

கமிட்டிக் கூட்டம். ஏ.சி. அங்கே மட்டும் எலும்பைத் துளைக்கிறது. சால்வை கொண்டுபோயிருக்க வேண்டும்.

மதியம் எல்லோருக்கும் மீன் ஃப்ரை. எனக்கு மட்டும் தனிப் பொட்டலம், பனீர். தமிழச்சி என்றால் சைவம் என்று இந்த வங்காளி ஊரில் எழுதாத சட்டம். திருநெல்வேலிக்காரி, ரயில்வே குவார்ட்டர்ஸில் அயிரை மீன் குழம்பு தின்று வளர்ந்தவள் என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று. சிரிப்பார்கள். அடுத்த கூட்டத்திலும் பனீர்தான் வரும்.

விஷயம் இதுதான். கணவரை இழந்த, வயதான பெண்களுக்கு மாதாமாதம் வருகிற பணம். ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள், வடிகட்டு என்று அரசாங்கத் துறை கேட்கிறது. நாலாம் அத்தியாயத்தில் வடிகட்டியைப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குக் கான்கிரீட் கூரை இருந்தால் பணம் கிடையாது. ஒரே வரி.

நான் எதிர்த்தேன். தலைவர் அனிமேஷ்தா, எங்கள் எல்லோருக்கும் அண்ணன், அதனால் தா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "வசந்தா, இது உன்னோட பேப்பர்தானே?"

என் பழைய ஆய்வுக் கட்டுரைதான். பெஹாலாவிலும் ஹவுராவிலும் வீடு வீடாகப் போய்ச் செய்தது. ஒரு குடும்பம் வசதியானதா என்று பார்க்க ஒரே ஒரு அடையாளம் வேண்டுமென்றால் கூரையைப் பார் என்று எழுதியிருந்தேன். அப்போது கான்கிரீட் கூரை போட்டவன் சொந்தக் காசில் போட்டான். இப்போது அரசாங்க வீட்டுத் திட்டத்தில் ஒன்றுமில்லாதவர்களுக்குத்தானே கூரை போட்டுக் கொடுக்கிறார்கள்! ஒரு துறை கூரையைக் கொடுக்கும், அடுத்த துறை அதே கூரையைக் காட்டிப் பணத்தை நிறுத்தும். இதைச் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். கமிட்டியில் தலை ஆட்டினால் அடுத்த பொருளுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

நான் ஒருத்திதான். மாற்றுக் கருத்து எழுதித் தரப்போகிறேன் என்றேன். அறிக்கையின் பின்னால் தனி இணைப்பாக, என் பெயரோடு அச்சாகும். அது உறுப்பினரின் உரிமை. செயலர் குறித்துக்கொண்டார்.

ஜூன் 13, வெள்ளி

வீட்டில் சமைக்கிற சந்தியாதிக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. அவர் இருக்கும் பெஹாலா சந்தில் யாரோ பேப்பரில் படித்துச் சொன்னார்களாம், பணத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று.

என்னைவிட மூத்தவர். புருஷன் போன பிறகுதான் என் வீட்டுக்கு வந்தார். வந்து என் தலைமுடி நரைத்தே போயிற்று. போன வருஷம்தான் திட்டத்தில் அவருக்குக் கான்கிரீட் கூரை கிடைத்தது. திட்டப் பணம் போக மீதிக்குக் காதுத் தோட்டை விற்றார். முதல் மழையில் தரையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார்.

மாதப்பணம் நின்றால் அவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை மாத்திரைக்கு மகனிடம் போய் நிற்க வேண்டும். மகன் கெட்டவன் இல்லை. மருமகள் இருக்கும்போது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசினார். வங்காளியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன், தீதி, அதாவது அக்கா, என்பது நான்தான்: "எல்லாரும் பயந்து கெடந்தாங்க. கமிட்டியில எங்க தீதி இருக்காங்க, ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன்."

அப்படியெல்லாம் சொல்லாதீர்கள் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

ஜூன் 16, திங்கள்

ஒருவழியாக மழை. ஜன்னலை மூட எழுந்து போனவள் மூடாமல் அப்படியே நின்றேன். பக்கத்து பால்கனியில் காய்ந்த துணி எல்லாம் மறுபடி ஈரம். யாரும் எடுக்கவில்லை.

மாற்றுக் கருத்து எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். சூத்திரம் இல்லை, அட்டவணை இல்லை. பல வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் எழுதியது பிடித்திருந்தது. "கூரை என்பது வருமானம் அல்ல. கூரையைத் தின்ன முடியாது." அரசாங்க அறிக்கைக்கு இது அதிகம். இருந்தாலும் அடிக்கவில்லை.

நேரே செயலருக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்த ஊரில் அப்படிச் செய்வதில்லை. தலைவருக்கு எதிராக எழுதினால் முதலில் அவர் வீட்டுக்குப் போய், டீ குடித்து, அவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் அனுப்பினால் முதுகில் குத்தினேன் என்பார்கள். அதுவும் அனிமேஷ்தா. என் முதல் பேப்பரைத் திருத்திக் கொடுத்தவர். அப்பா போனபோது சுடுகாடு வரை வந்தவர்.

ஜூன் 19, வியாழன்

படகில் ஹவுரா. ஆற்றில் தண்ணீர் மண் நிறம். பக்கத்தில் ஒருத்தி போனில், "வேணாம்னு சொல்லலை, இப்போ வேணாம்னுதான் சொல்றேன்." கல்யாணமோ கடனோ, தெரியவில்லை.

அனிமேஷ்தாவின் பழைய வீடு. மாடிப்படி ஏறியதும் முழங்கால் பிடித்துக்கொண்டது. டீ, முறுமுறு பிஸ்கெட், அண்ணியின் (அவர் மனைவி) சியாட்டிகா கால்வலிக் கதை. எல்லாம் முடிந்த பிறகுதான் காகிதத்தை எடுத்தேன்.

முழுக்கப் படித்தார். நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார். நிஜமாகவே சொன்னார். பிறகு சொன்னதுதான்:

"இணைப்பா போட்டா யாரும் படிக்க மாட்டாங்க வசந்தா. கமிட்டியில சண்டைன்னு பேப்பர்ல வரும். மொத்த அறிக்கையையும் அலமாரியில வச்சுப் பூட்டிடுவாங்க. நாலாம் அத்தியாயத்துக்குள்ளேயே சேர்த்துடறேன். உள்ள இருந்தா உயிரோட இருக்கும். எங்கிட்ட விட்டுடு."

யோசித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் எழுதிய மாற்றுக் கருத்துகளை இதுவரை யாரும் படித்ததாக நினைவில்லை. சரி என்றேன். செயலருக்கு அனுப்பவில்லை. அவரே பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

திரும்பும்போது படகில் மனசு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இருக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

காளிகாட். முருகேசன் கடை. என் தம்பி. அப்பாவின் ரயில்வே வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு இட்லி அரிசியும் அப்பளமும் காபித்தூளும் விற்கிறவன். என்னைவிட நன்றாகத்தான் இருக்கிறான்.

கடையில் கூட்டம். ஒரு வங்காளி அம்மாள், சாம்பார் பொடி போட்டும் சாம்பார் வரவில்லை என்று புகார். பருப்பு போட்டீர்களா என்று கேட்டான். பருப்பு வேறு போட வேண்டுமா என்று கேட்டார்.

கூட்டம் குறைந்ததும் என்னை ஸ்டூலில் உட்கார வைத்துக் காபி தந்தான். கமிட்டிக் கதையைச் சொன்னேன். சிரித்தான். "அக்கா, நீ முப்பது வருசமா வரியப் பத்தி எழுதுதெ. எனக்கு ஒரு பைசா கொறஞ்சிருக்கா? உனக்கு வேற சோலியே கெடையாதா?"

நான் கேள்விப்பட்ட விமர்சனங்களில் சுருக்கமானது இதுதான். கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பார்த்துவிட்டு, சும்மா வெளயாட்டுக்குச் சொன்னேன்க்கா என்று அப்பளக் கட்டு ஒன்றைப் பையில் திணித்தான்.

அந்தக் காகிதத்தை எதற்கு அந்தாள் கையில் கொடுத்தாய், ஆபீசில் போட்டு முத்திரை வாங்க வேண்டியதுதானே என்று கேட்டான். டீ, பிஸ்கெட், முப்பது வருஷப் பழக்கம், இதையெல்லாம் சொன்னேன். தாட்சண்யம் தன நாசம் என்று அம்மா சொல்வாளே, உனக்குச் சொல்லவில்லையா என்றான்.

சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 27, வெள்ளி

ரத யாத்திரை. காலையிலிருந்து சந்தில் குழந்தைகள் சின்னச் சின்ன மரத் தேர்களை இழுத்துக்கொண்டு. காகிதப் பூ, உள்ளே பொம்மை ஜெகந்நாதர், சக்கரம் கழன்று ஒரே அழுகை. சந்தியாதி இன்று லீவு.

மதியம் வரைவின் அடுத்த பிரதி வந்தது. இரண்டு பக்கமும் ஒரு பத்தியாகியிருக்கிறது. "ஓர் உறுப்பினர், கூரையை மட்டும் அளவுகோலாகக் கொள்வது சில சமயங்களில் பொருத்தமற்றதாக இருக்கக்கூடும் எனக் கருதினார்."

சில சமயங்களில். இருக்கக்கூடும். கருதினார்.

அனிமேஷ்தாவுக்கு போன். எடுக்கவில்லை. தேர்த் திருநாள், வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள். மெசேஜ் போட்டேன்: என் பெயர் வர வேண்டாம், ஆனால் அரசாங்கமே கொடுத்த கூரை என்ற சொற்றொடர் இருக்க வேண்டும். கட்டை விரல் படம் ஒன்று வந்தது.

அப்பளம் பொரித்தேன். எண்ணெய் காய்வதற்குள் போட்டுவிட்டேன், நமுத்துப் போயிற்று. அப்படியே தின்றேன்.

ஜூலை 2, புதன்

மூன்றாம் பிரதி. பத்தியைக் காணோம். தேடினேன். அடிக்குறிப்பில் இருக்கிறது, பொடி எழுத்தில். "அளவுகோல்கள் குறித்து மாறுபட்ட பார்வைகள் உள்ளன."

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.

இந்த முறை அனிமேஷ்தா போனை எடுத்தார். துறையிலிருந்து பத்தியை எடுக்கச் சொன்னார்களாம். மிகவும் போராடித்தான் அடிக்குறிப்பாவது வாங்கினேன் என்றார். பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். குரலில் களைப்பு. அண்ணிக்கு நடக்க முடியவில்லையாம். நான் அதைத்தான் அதிகம் விசாரித்தேன். போனை வைத்த பிறகுதான் எதற்கு போன் செய்தேன் என்று நினைவு வந்தது.

"என்னைப் பற்றி" அரைப் பக்கம் கேட்டு இரண்டாம் நினைவூட்டல். "சமூகக் கொள்கை உருவாக்கத்தில் தங்கள் பங்களிப்பு" என்று ஒரு தலைப்பும் கொடுத்திருக்கிறார்கள். பதில் போடவில்லை.

ஜூலை 3, வியாழன்

மாணவன் ஒருவன் வந்தான், முனைவர் பட்டத்துக்குத் தலைப்புக் கேட்டு. வரிக்கொள்கையில் செய்ய ஆசையாம், அது நாட்டுக்கு உபயோகமாம். கண் பளபளக்கிறது. என்ன சொல்வது? வேலைவாய்ப்பு உள்ள தலைப்பாக எடு என்றேன். முகம் விழுந்துவிட்டது. வாசல் வரை போய்க் கூப்பிட்டு, நான்கு கட்டுரைகளின் பெயர் எழுதிக் கொடுத்தேன். பாவம்.

ஜூலை 8, செவ்வாய்

விடாமல் மழை. முழங்கால் தண்ணீர். ஆட்டோ இல்லை. இன்ஸ்டிட்யூட் போகவில்லை.

முருகேசன் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. எழுதிய இரண்டு பக்கத்தையும் நேரே செயலருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். இணைப்பாகச் சேர்க்கவும், என் உரிமை, என்று இரண்டு வரி. அனுப்பியதும், ஒழுங்காகப் போயிற்றா என்று மூன்று தரம் திறந்து பார்த்தேன். இந்த வயதில்! அனிமேஷ்தா கேள்விப்படுவார். படட்டும்.

சாயங்காலமே பதில். மரியாதையான பதில். மாற்றுக் கருத்து தருவதற்கான கெடு முடிந்துவிட்டது. கெடுவுக்குள் எதுவும் வராததால் எல்லா உறுப்பினர்களும் ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்பட்டது. எல்லோருடைய கருத்தும் உள்ளே இடம்பெற்றுவிட்டதாகத் தலைவரும் எழுத்தில் தெரிவித்திருக்கிறார். தங்கள் மேலான ஆலோசனைகளுக்கு நன்றி.

கெடு எந்த நாள் என்று பழைய மின்னஞ்சலில் தேடிப் பார்த்தேன். கையில் காகிதத்தோடு ஹவுராவில் டீ குடித்துக்கொண்டிருந்தேனே, அதற்கு மறுநாள்.

பேசாமல் கமிட்டியிலிருந்து விலகிவிடலாமா? அறிக்கை அச்சுக்குப் போயாயிற்று. விலகினால் உடம்பு சரியில்லை என்று ஒரு வரி போடுவார்கள். கையெழுத்து முதல் கூட்டத்திலேயே வாங்கியாயிற்று, தனித்தாளில், வசதிக்காக. எல்லா கமிட்டியிலும் அப்படித்தான். நானும் ஒவ்வொரு முறையும் போட்டிருக்கிறேன்.

அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சந்தியாதி அந்தத் தண்ணீரிலும் வந்தார், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. கிச்சடி வைத்தார். கமிட்டி முடிந்ததா என்று கேட்டார். முடிகிறது என்றேன். சொல்ல வேண்டும் என்றுதான் சமையலறைக்குள் போனேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

அறிக்கை வெளியீடு. போக வேண்டாம் என்று முடிவு செய்து, குளித்து, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். ஏன் போனேன்? போகாமல் இருப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

பூங்கொத்து, கேமரா, எல்லோரும் ஆளுக்கொரு பிரதியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வரிசையாக. பெண்மணி நடுவில் நிற்கட்டும் என்று என்னைத் தள்ளி நடுவில் நிறுத்தினார்கள். சிரிக்கச் சொன்னார்கள்.

பிரதியை வாசலில் நின்றே புரட்டினேன். அடிக்குறிப்பும் இல்லை. நாலாம் அத்தியாயத்தில் கூரை, அதன் கீழே ஆதாரமாக என் பழைய பேப்பர், முழுத் தலைப்போடு. முன்னுரையில் நன்றி. முதல் பெயர் என்னுடையது. "அவரது ஆழ்ந்த நுண்ணறிவின்றி இவ்வறிக்கை சாத்தியமாகியிருக்காது."

அனிமேஷ்தா வெளியே வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கோபமா என்று கேட்டார். இல்லை அனிமேஷ்தா என்றேன். அவர் கை சில்லென்று இருந்தது. குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அவர் கார் வரை என் குடையில் கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.

ஜூலை 12, சனி

தலைவலி. எங்கும் போகவில்லை.

இனி நடக்கக்கூடியவை:
துறை ஏற்கும். ஏற்காமல் என்ன?
துர்கா பூஜைக்கு முன் செய்வார்களா, பின்னாலா? பின்னால்தான். பூஜைக்கு முன் யாரும் நிறுத்த மாட்டார்கள்.
வீடு வீடாக ஆள் வருவார்கள். அண்ணாந்து பார்ப்பார்கள்.
மேல்முறையீடு உண்டு. யாருக்கு? கமிட்டிக்கு.

சந்தியாதியின் மாத்திரைக்கு நானே மாதாமாதம் கொடுத்துவிடலாம். கொடுப்பேன். அந்தச் சந்தில் மற்றவர்களுக்கு? அதுவும் போக, என்னிடம் வாங்குவதும் மகனிடம் வாங்குவதும் அவருக்கு ஒன்றுதான். அந்தப் பணத்தைப் பற்றி ஒருமுறை சொன்னார், அது யார் முகத்தையும் பார்க்காமல் வருகிறது என்று. வரிப்பணத்தால் என்ன பயன் என்று வாழ்நாள் முழுக்க எழுதியிருக்கிறேன். அவர் சொன்ன அளவுக்கு எழுதியதில்லை.

திங்கள்கிழமை வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும். வாக்கியத்தைத் தயார் செய்தேன். "சந்தியாதி, என்னால் முடியவில்லை." வங்காளியில் இன்னும் சின்ன வாக்கியம். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

மழை விட்டு வெயில். ஏ.சி.க்காரன் ஒருவழியாக வந்தான். கேஸ் தீர்ந்துவிட்டதாம்.

சந்தியாதி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தார். வெளுத்த புடவை, தலை வாரி, கையில் அட்டைப் பெட்டி. மாம்பழ சந்தேஷ். சந்தில் எல்லாப் பெண்களும் சேர்ந்து வாங்கியது. டிவியில் பார்த்தார்களாம், நடுவில் தீதி, கையில் புத்தகம், சிரித்த முகம். சந்தே கூடிப் பார்த்ததாம். பாருல் என்ற கிழவி டிவியைத் தொட்டுக் கும்பிட்டாளாம்.

"சந்தியாதி" என்று ஆரம்பித்தேன். தயார் செய்த வாக்கியம்தான். இரண்டாவது சொல் வருவதற்குள், இந்த ஊர் வழக்கப்படி, ஒரு சந்தேஷை எடுத்து என் வாயில் ஊட்டிவிட்டார். கண்ணெல்லாம் நீர் அவருக்கு.

"எங்க பணம் நிக்காதுன்னு நான் சொன்னப்போ ஒருத்தரும் நம்பலை. இப்போ எல்லாரும் வேற கேக்கறாங்க. எந்த மாசத்துலேருந்து கூட்டித் தருவாங்க தீதி?"

வாயில் இனிப்பு. கையை மட்டும் ஆட்டினேன்.

"சாப்பிட்டு முடிச்சுட்டே சொல்லுங்க, அவசரமில்லை" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

இன்னொன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.